ஏழு தண்ணீரில் கழுவிய காட்டுப்பன்றி

1

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. பாஸ்போர்ட்டுகள், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிகள், வாடகை ஒப்பந்தம், மகள் டிலானியின் ஞானஸ்நானப் பத்திரம், எனக்குச் சீனி வியாதி இல்லை என்று ஒரு வைத்தியர் எப்போதோ எழுதித் தந்து இப்போது பொய்யாகிப்போன சான்று எல்லாம் அதற்குள்தான். போன மார்கழியிலிருந்து ஒரு காட்டுப்பன்றியின் தாளும் அதற்குள் இருக்கிறது.

பகிடி இல்லை. இங்கே காட்டுப்பன்றியைச் சுட்டால் அதன் இறைச்சியில் ஒரு துண்டை மிருக வைத்தியரிடம் கொடுத்து, கிருமி இல்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் சாப்பிடலாம். பன்றிக்கு ஓர் இலக்கம், சுடப்பட்ட இடம், முத்திரை, கையொப்பம். எல்லாம் சில நாட்களுக்குள் கிடைத்துவிட்டதாம். பெர்மெஸ்ஸோவுக்காக நான் நின்ற வரிசைகளில் முளைத்த நரை இன்னும் என் தலையில் இருக்கிறது. இந்த நாட்டில் கெதியாகத் தாள் வேண்டுமென்றால் முதலில் யாராவது நம்மைச் சுட வேண்டும் போலிருக்கிறது.

தாள் என்று எதைக் கண்டாலும் மூன்று பிரதி எடுத்துவைப்பது என் இருபத்தெட்டு வருடப் பழக்கம். பன்றியின் தாளையும் எடுத்தேன். எடுத்தேனே தவிர வாசிக்கவில்லை. எங்கள் வீட்டில் தாள் வாசிக்கிற வேலை எட்டு வயதிலிருந்து டிலானியுடையது. முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் என் பொறுப்பு.

2

இத்தாலியின் தெற்குத் தீவில், பலேர்மோவில் நான் வந்து இறங்கியது ஒரு மார்கழி எட்டாம் திகதி, அமலோற்பவ மாதா திருநாளன்று. நாப்போலியிலிருந்து கப்பல். துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் கடைகள் எல்லாம் பூட்டு, தெருவில் ஒரு சனமில்லை. மன்னாரிலிருந்து வந்தவனுக்கு இதற்கு ஒரே விளக்கம்தான் தெரியும்: ஊரடங்குச் சட்டம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தேன். எதிரே ஒரு பெண்மணி வந்தார். அவரைப் பார்த்து நான் பயந்து தெருவின் மறுபக்கம் போனேன். என்னைப் பார்த்து அவரும் பயந்து அதே பக்கம் வந்துவிட்டார். சனமெல்லாம் வீட்டுக்குள் சாப்பிட்டுவிட்டுச் சீட்டு விளையாடுகிற நாள் அது என்று அடுத்த வருடம்தான் தெரிந்தது.

ஆறு மாதம் நின்றுவிட்டு லண்டனுக்குப் போவதாக ஏற்பாடு. பிறகு அது கனடாவாகி, பிறகு மறுபடி லண்டனாகி, அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று ராணியைக் கட்டிக் கூப்பிட்டு, டிலானி பிறந்து, அவள் இப்போது அதே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் விற்கிறாள். அலுமாரிக்கு மேலே பெரிய சூட்கேஸ் இன்னும் இறங்காமல் இருக்கிறது. மகளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் நான் அங்கே உள்ள பலகையை ஒருமுறை வாசிப்பேன்: நாப்போலி, ஜெனோவா, சார்தீனியா. சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலை வாசித்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடிக்கிறவனைப் போல. வீட்டுக்கு வந்தாலும் ஓரிடத்தில் இருக்க முடியாது. குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ராணி சொல்வாள், இந்த மனிசன் நடந்த நடைக்கு லண்டனுக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம் என்று.

இதில் இன்னொரு கெட்ட பழக்கமும் சேர்ந்துகொண்டது. போகப்போகிற ஊர்தானே என்று நான் இங்கே வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைத்தேன். பொலிதேயாமா என்கிற நாடக அரங்குப் பக்கம் நான் படி கழுவுகிற கட்டடத்தில், இரண்டாம் மாடி வழக்கறிஞருக்கு நான் பள்ளிக்கூட அதிபரின் மகன். நாலாம் மாடிப் பல் வைத்தியருக்கு முன்னாள் உதைபந்தாட்ட வீரன். கீழ்த்தளத்துச் சிஞ்ஞோராவிடம் (இங்கே வீட்டு அம்மணியை அப்படித்தான் கூப்பிடுவது) எங்கள் வீட்டில் யானை இருந்தது என்று சொன்னதாக ஞாபகம். அவர் இன்னும் அந்த யானையைச் சுகம் விசாரிக்கிறார். அதைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3

டிலானிக்குச் சால்வோ என்றொரு பையனைப் பிடித்திருந்தது. கப்பலில் கார்களை ஏற்றி நிறுத்துகிற வேலை செய்கிறவன், மதோனியே மலைப்பக்கத்தான், நல்ல பிள்ளை. என்னைவிட மெதுவாக இத்தாலியன் கதைப்பான். எனக்காகத்தான் அப்படிக் கதைக்கிறான் என்று விளங்க ஒரு மாதம் எடுத்தது.

அவனுடைய தகப்பன் நீனோவை முதல்தடவை பார்க்க மலைக்குப் போனோம். சுவர் முழுக்கப் பன்றித் தலைகள். அதுவரை 'எங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ' என்று புறப்பட்டிருந்த நான், அந்தத் தலைகளுக்குக் கீழே உட்கார்ந்ததும் 'எங்களை அவைக்குப் பிடிக்குமோ' என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். நீனோ மெல்லக் கேட்டார்: உங்கள் நாட்டில் வேட்டை உண்டா?

உண்டு, காட்டுப்பன்றிதான் என்றேன். அது உண்மை. நீங்களும் போவீர்களா என்றார். போவேன் என்றேன். எத்தனை சுட்டிருப்பீர்கள் என்றார். எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். அதுவும் ஒருவகையில் உண்மைதான், பூச்சியத்தை எண்ணத் தேவையில்லை. டிலானி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் நான் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. துவக்கைப் பிடிக்கிற விதம், காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும், குண்டு எங்கே பட வேண்டும் என்று அரைமணி நேரம் ஓடியது. நீனோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நடந்தது என்னவென்று உங்களுக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போகிற காட்டுப்பாதையில் பாலைப்பழம் பொறுக்கப் போன எனக்கும் ஒரு பன்றிக்கும் ஒரே மரத்தில் ஆசை வந்தது. நான் மேலே, அது கீழே. மத்தியானத்திலிருந்து பொழுது படும்வரை நான் அந்தப் பாலை மரத்தில் இருந்தேன். அது பழம் தின்று, படுத்து, எழும்பி, மறுபடி தின்று, என்னை அண்ணாந்தும் பார்க்காமல் போனது. இவ்வளவுதான் என் வேட்டை.

4

மார்கழி எட்டுக்குச் சால்வோ வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதென்று முடிவானது. அதற்கு நாலு நாள் முன்னர், ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீட்டு வாசலில் சால்வோவின் கார் வந்து நின்றது. நீனோ ஒரு குளிர்ப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே ஆறு கிலோ காட்டுப்பன்றி இறைச்சி, ஒரு பொதி வளர்ப்புப் பன்றிக் கொழுப்பு, உப்பில் போட்ட குடல், கட்டுகிற நூல், காட்டுப் பெருஞ்சீரகம், மேலே அந்தத் தாள்.

சல்சீச்சா என்கிற குடல் அடைத்த இறைச்சி செய்ய வேண்டுமாம். இறைச்சியை அரைக்காமல் கத்தியால் சின்னதாக வெட்டி, கொழுப்பும் உப்பும் மிளகும் பெருஞ்சீரகமும் போட்டு நன்றாகப் பிசைந்து, குடலில் அடைத்து, நூலால் சாண் சாணாகக் கட்டி, ஒரு நாள் காற்றில் தொங்கவிட வேண்டும். வழக்கமாக வீட்டில் அவரே செய்வதாம். "சுட்டவன் கையால் அடைக்கக் கூடாது என்று இப்போது வைத்திருக்கிறேன். நீ வேட்டைக்காரன். உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை" என்றார். படியில் இறங்கும்போது சால்வோவின் தோளைப் பிடித்துக்கொண்டார். மரியாதையான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை டிலானி வேலைக்குப் போன பிறகு நானும் ராணியும் தொடங்கினோம். பெட்டியைத் திறந்து பார்த்த ராணி மூக்கைச் சுளித்தாள். இரத்தம், காட்டு வாடை, இரண்டு மூன்று கறுத்த மயிர்.

"இஞ்சாருங்கோ, இதை முதல்ல கழுவ வேணும்" என்றாள்.

கழுவுகிறதைப் பற்றி நீனோ ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் முகத்தைக் கழுவிவிட்டு வா என்று பெரிய மனிதரிடம் யாரும் சொல்வதில்லை அல்லவா, அதுபோலத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உப்புப் போட்டு ஒரு தண்ணீர். மஞ்சள் தூள் போட்டு உரஞ்சி ஒரு தண்ணீர். வாடை போகவில்லை. ஆறு எலுமிச்சம்பழம் பிழிந்து அரைமணி நேரம் ஊறவிட்டோம். எலுமிச்சைக்கு இந்தத் தீவில் பஞ்சமா. பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினோம். மொத்தம் ஏழு தண்ணீர். கடைசியில் இறைச்சி இளமஞ்சளாக, ஞானஸ்நானம் பெற்ற குழந்தை போல வாசமாக இருந்தது. ராணிக்குத் திருப்தி.

அதன் பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது. பிசையப் பிசைய இறைச்சி ஒட்டுவேனா என்றது. நீனோ சொன்னபடி அது கையில் பசைபோலப் பிடிக்க வேண்டும். எங்களுடையது ஆற்று மணலைப்போல உதிர்ந்தது. தண்ணீர்ப் போத்தலின் வாய்ப்பக்கத்தை வெட்டிப் புனலாக்கி அடைத்தோம். குடல் நாலு இடத்தில் வெடித்தது, ஒருமுறை என் கண்ணாடியில். எப்படியோ பாதிக்கு மேல் அடைத்து, கோணலும் மாணலுமாகக் கட்டி, பல்கனியில் உடுப்புக் காயப்போடும் கொடியில் தொங்கவிட்டேன். பத்து நிமிடத்தில் கீழ்வீட்டிலிருந்து சத்தம் வந்தது. எங்கள் சல்சீச்சாவிலிருந்து சொட்டிய மஞ்சள் தண்ணீர் அவர்களுடைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் வரிசையாகப் பொட்டு வைத்திருந்தது.

5

டிலானி வந்து பல்கனிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நான் வழக்கம்போல ஒரு பகிடியைத் தயாராக வைத்திருந்தேன். இது மன்னார்ப் பன்றி, வெயிலில் மஞ்சளாகிவிட்டது என்று. அவள் அதைச் சொல்லவிடவில்லை.

"அப்பா, இறைச்சியைக் கழுவினனீங்களோ?"

"கழுவாமல் பின்னை?" என்று குசினியிலிருந்து ராணி குரல் கொடுத்தாள்.

டிலானி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். இங்கே யாரும் சல்சீச்சா இறைச்சியைக் கழுவுவதில்லையாம். தண்ணீர் பட்டால் ஒட்டாது, எலுமிச்சைப் புளி பட்டால் பாதி வெந்ததுபோல் ஆகிவிடும், அடைத்தும் பயனில்லை. இதைக் கேட்டு ராணிதான் அதிகம் அதிர்ந்துபோனாள். கடையில் வாங்கி நாங்கள் இத்தனை வருடம் சாப்பிட்டது கழுவாத இறைச்சியா என்று கேட்டாள். பிறகு மெல்ல இன்னொன்றும் வெளியே வந்தது. அவள் வேலை செய்கிற வீடுகளில், சிஞ்ஞோரா குளிக்கப் போகிற நேரம் பார்த்து எல்லா இறைச்சியையும் மஞ்சள் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இத்தனை காலமும் சமைத்திருக்கிறாள். உன் கை பட்டால் இறைச்சிக்கு ஒரு தனி நிறம் வருகிறது என்று அவர்கள் பாராட்டியும் இருக்கிறார்கள்.

நான் சிரித்தேன். டிலானி சிரிக்கவில்லை.

கடையில் நல்ல சல்சீச்சா வாங்கி மாற்றி வைத்தால் ஆருக்குத் தெரியப்போகுது என்றேன். நாங்கள் என்ன காலம் முழுக்க அவர்களோடேயா இருக்கப்போகிறோம், அடுத்த வருடம் எப்படியும்...

"நீங்கள் போவீங்கள் அப்பா" என்றாள். "சொல்லிச் சொல்லியே இருபத்தெட்டு வருசம் போயிட்டுது, இனியும் சொல்லுவீங்கள். நான் இஞ்சைதான் இருக்கப்போறன். நீங்கள் இஞ்சை சொல்லுற பொய்யெல்லாம் நாளைக்கு என்ரை வீட்டுக் கதவைத்தான் வந்து தட்டும். யானைக்கு நான் பதில் சொன்னது காணும்."

யானை விஷயம் அவள்வரை போயிருந்தது எனக்குத் தெரியாது.

"அல்லோரா," அப்படியென்றால் என்று இத்தாலியனில் தொடங்கிக் கண்ணைத் துடைத்தாள், "திங்கட்கிழமை அவை சாப்பிட வரேக்கை நீங்களே நீனோ மாமாட்டைச் சொல்லுங்கோ. துவக்குக் கதையும், கழுவின கதையும். பகிடி விடாமல் சொல்லுங்கோ. உங்களிட்டை நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அவள் என்னிடம் சின்ன வயதில் சைக்கிள் கேட்டிருக்கிறாள், நாய்க்குட்டி கேட்டிருக்கிறாள். இரண்டும் லண்டனில் வாங்கலாம் என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். இதற்கு லண்டனைச் சொல்ல முடியவில்லை. எழும்பி நடந்தேன். குசினிக்கும் விறாந்தைக்கும், விறாந்தைக்கும் பல்கனிக்கும். போகிற ஊரில் சொல்லும் பொய்க்கு விலாசம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். விலாசம் இருந்திருக்கிறது. என் மகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

6

திங்கட்கிழமை வந்தது. பூசைக்குப் போய்விட்டு வந்து மேசையில் இரண்டு தட்டு வைத்தோம். ஒன்றில் எங்கள் மஞ்சள் சல்சீச்சா. அடுப்பில் போட்டதும் அரைவாசி வெடித்து உதிர்ந்துவிட்டதால் ராணி அதை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டியிருந்தாள். மற்றதில் நான் கடையில் வாங்கியது, வாங்கியது என்று சொல்லியே வைக்கப்பட்டது. நீனோ, அவர் மனைவி என்சா, சால்வோ மூவரும் உட்கார்ந்தார்கள். நீனோ குனிந்து தட்டைப் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார். எது என்னுடைய பன்றி என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். பாடசாலையில் பேச்சுப் போட்டிக்கு நின்றதற்குப் பிறகு நான் அப்படி நின்றதில்லை. துவக்கை நான் தொட்டதே இல்லை என்றேன். ஒரு பன்றி கீழே நிற்க ஒரு மத்தியானம் முழுக்க மரத்தில் இருந்தேன், அதைத் தவிர உங்களிடம் சொன்ன எல்லாம் பொய் என்றேன். உங்கள் இறைச்சியை ஏழு தண்ணீரில் கழுவிப் பாழாக்கிவிட்டோம் என்றேன். பகிடி ஒன்று தொண்டைவரை வந்தது. டிலானி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன்.

நீனோவின் முகம் சிவந்து, பிறகு ஒரு மாதிரி வாடியது. கோபத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு அந்த வாட்டம் விளங்கவில்லை. அவர் சால்வோவைப் பார்த்தார், சால்வோ தட்டைப் பார்த்தான். கடைசியில் நீனோ கேட்டார்:

"எவ்வளவு நேரம் மரத்தில் இருந்தாய்?"

"மத்தியானத்திலிருந்து பொழுது படும்வரை."

"அப்படியென்றால் சுடுகிறவனைவிட நீதான் பன்றியைக் கூட நேரம் பார்த்திருக்கிறாய்" என்றார். "உட்கார், ஆறப்போகிறது."

எங்கள் பிரட்டலில் இரண்டு கரண்டி மரியாதைக்குச் சாப்பிட்டார். இதுவும் ஒரு சாப்பாடுதான் என்றார். கடைச் சல்சீச்சாவில் நாலு சாப்பிட்டார். என்சாதான் பிரட்டலை மூன்றாம் தடவையும் போட்டுக்கொண்டு, இறைச்சியைக் கழுவுவது எப்படி என்று ராணியிடம் கேட்டாள். ராணி உப்பிலிருந்து தொடங்கினாள். சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டு விளையாடினோம். நீனோ தன் சீட்டுகளை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு விளையாடினார். களவாகப் பார்த்துவிடுவேன் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்து நான் கொஞ்சம் மனம் நொந்தேன்.

7

அவர்கள் போன பிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டே டிலானியிடம் சொன்னேன்: உண்மையான வேட்டைக்காரன் முன்னால் இன்றைக்கு என் மானம் போயிற்று, ஆனால் பரவாயில்லை.

அவள் அலுமாரியைத் திறந்து நீலக் கோப்பை எடுத்து, பன்றியின் தாளில் ஒரு வரியில் விரலை வைத்தாள். சுட்டவர் பெயர். வாசித்தேன். நீனோவின் பெயர் அல்ல. அவர்கள் ஊரில் தபால் கொடுக்கிற ஒருவரின் பெயராம்.

"நீனோ மாமாவுக்குக் கண் சரியாத் தெரியிறேல்லை அப்பா. ரெண்டு வருசமாத் துவக்கு எடுக்கேல்லை, கத்தியும் பிடிக்கிறேல்லை. சால்வோவுக்குத் தெரியும். ஆனால் ஒருத்தரும் அதைப் பற்றி அவரிட்டைக் கதைக்கிறேல்லை."

"நீ எப்ப வாசிச்சனீ?"

"பெட்டி வந்த அண்டைக்கே. தாள் வந்தால் நான்தானே வாசிக்கிறனான்."

தோளைப் பிடித்து இறங்கியது, சுட்டவன் அடைக்கக் கூடாது என்றது, முகத்தோடு ஒட்டிய சீட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தத் தாளைப் படுக்கிற வரைக்கும் கையிலே வைத்துக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் இதைவிட நல்ல பகிடி கையில் கிடைத்ததில்லை.

தை மாதம் நாங்கள் மலைக்குப் போனோம். நீனோவின் வீட்டில் சொந்தக்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சாப்பாட்டு நடுவில் யாரோ அந்தப் பன்றியைப் பற்றிக் கேட்க, நீனோ தொடங்கினார். பனி, காற்று வீசிய பக்கம், அது புதரை விட்டு வந்தது, இவர் மூச்சைப் பிடித்தது. காற்று விஷயம் நான் அவருக்குச் சொன்னபடியே இருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. மேசைக்குக் கீழே டிலானியின் கால் என் காலுக்கு மேலே வந்து தயாராக உட்கார்ந்தது.

"ஒரு வெடியிலேயா விழுந்தது?" என்று கேட்டேன்.

நீனோ அப்போதுதான் என்னைப் பார்த்தார், பார்க்க முடிந்த அளவுக்கு. "ஒரே வெடி" என்றார். அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். டிலானியின் கால் மெதுவாக எடுபட்டது.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல நடந்தேன். சூட்கேஸ் மேலேயே இருக்கிறது, இறக்கவுமில்லை, அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை.

ஒரு பகிடியை வயிற்றுக்குள் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். நீனோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சால்வோ டிலானியிடம் படிக்கிறான். போன மாதம் 'ஓம்', 'சாப்பிட்டீங்களோ' என்ற அளவில் இருந்தவன், இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டானாம். ஆகவே இதை அச்சில் போடுகிறவர்கள் கொஞ்சம் கெதியாகப் போட வேண்டும்.